தும்பறைக் காட்டில் ஒரு பாடம்

கண்டியில் வாழும் நமக்கு மலை புதிதன்று. ஆயினும், நகருக்கு வடகிழக்கே எழுந்து நிற்கும் தும்பறை மலைத்தொடருட் கால்வைத்து நடந்தோர் நம்முள் எத்தனை பேர்? சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் அங்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று.

மடக்கிய கைவிரல்களின் முட்டிகளைப்போற் காட்சி தருவதால் ஆங்கிலேயர் இதற்கு 'நக்கிள்ஸ்' எனப் பெயரிட்டனர். பழைய தெல்தெனிய நகரைத் தன்னுள் மூழ்கடித்த விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் கண்டவாறே சென்று, ஹுன்னஸ்கிரிய கடந்து, கோர்பட் கணவாயில் இறங்கினோம். அங்கிருந்து மீமுரே கிராமத்தை நோக்கி நடை தொடங்கிற்று.

அட்டைகள் நம்மை அன்போடு வரவேற்றன! பாசி படர்ந்த மரமொன்றில், மூக்கு நுனியில் இலைபோன்ற உறுப்புடைய ஓணான் ஒன்று அசையாதிருந்தது. உலகில் இம்மலைத்தொடரையன்றி வேறெங்கும் அவ்வினம் இல்லை என்றதும், மாணவர் ஓசையடங்கி நின்றனர்.

சற்றுத் தொலைவிற் பழைய ஏலத் தோட்டமொன்று எதிர்ப்பட்டது.

"சேர், மரங்கள் வானளாவ நிற்கின்றனவே! காடு அழிந்ததென்று எப்படிச் சொல்வது?" என்றான் ஒரு மாணவன்.

"மேலே பாராதே தம்பி, கீழே பார்" என்றோம்.

ஏலம் நிழலில் வளரும் பயிர். ஆதலின் பெருமரங்களை விட்டுவிட்டு, அவற்றின் அடியிலுள்ள செடிகளையும் கன்றுகளையும் களைந்தனர். காயை உலர்த்தும் சூளைக்கு விறகும் வெட்டினர். முதுமரம் சாயும்போது அதனிடத்தை நிரப்ப இளமரம் இராது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது காடே. உண்மையிலோ வாரிசற்ற வீடு.

அப்பொழுது, தோட்டத்துக் குடும்பத்திற் பிறந்த மாணவன் ஒருவன் மெல்லச் சொன்னான்: "எங்கள் தாத்தா ஏலச் சூளையில் வேலை செய்தவர், சேர். அந்தக் கூலியிலேதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது."

நாம் உடனே விடை கூறவில்லை. குற்றத்தை ஏழையின் தலையிற் சுமத்துவது எளிது. குத்தகை எடுத்துப் பொருளீட்டியவரும், பாயசத்தில் ஏலம் மணக்க உண்ட நாமும் அதிற் பங்காளிகள் அல்லமோ? 2000ஆம் ஆண்டில் இது பாதுகாக்கப்பட்ட காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. அவை நன்று. காட்டை நம்பி வாழ்ந்தவர்க்கு வேறு பிழைப்புக்கு வழிகாட்டுவதும் அக்கடமையின் மறுபாதியன்றோ?

மாலையில் மீமுரேயை அடைந்தோம். லக்கேகல மலை தலைக்குமேல் நிமிர்ந்து நின்றது. இராவணன் கதையோடு அதனை இணைத்துப் பேசுவர் ஊரார். வயல்களினூடே மலையோடை ஓடியது. தேநீரோடு கித்துள் கருப்பட்டி தந்த முதியவர், ஓடையைக் காட்டி, "மேலே காடு இருக்குமட்டும் இது வற்றாது" என்றார். இம்மலையின் மறுபுறத்தில் ஊறும் ஹுலு கங்கையும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது; நம் வீட்டு விளக்கிலும் அந்நீரின் பங்குண்டு.

மாணவ நேயர்களே, நீங்களும் சென்று வாருங்கள். வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டையும், வழியறிந்த ஊரவர் ஒருவரையும் தவறாது கொள்ளுங்கள். அவருக்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள். பொலித்தீன் உறை ஒன்றையும் அங்கு விட்டு வராதீர்கள். பெருமரங்களை அண்ணாந்து நோக்கி வியந்தபின், ஒருமுறை குனிந்து, அவற்றின் அடியிற் கன்றுகள் முளைத்துள்ளனவா என்றும் பாருங்கள்.