ஆற்றில் விழுந்த மோதிரம்

வடபுலத்தில் குடியேறி வாழும் நம்மவர்கள் ஹரித்துவாரத்துக்குப் போகாமல் இருப்பதில்லை. ஊரிலிருந்து வரும் பெற்றோரையும் உறவினரையும் தில்லிக் குடும்பங்கள் முதலில் அழைத்துச் செல்லும் யாத்திரை பெரும்பாலும் அதுவே. சென்று திரும்பியவர்களிடம் அடிக்கடி நாம் கேட்கும் துயரச் செய்தி ஒன்று உண்டு. மூழ்கி எழுந்து பார்த்தால் விரலில் மோதிரம் இல்லை என்பார்கள். கங்கை எடுத்துக்கொண்டாள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோரும் உளர். அந்தத் தேறுதலை நாம் குறை கூற வரவில்லை. ஆயினும், எடுத்துக்கொள்வதற்கு முன் கங்கை நமக்குச் சிறிது அவகாசமும் தருகிறாள். அதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம்.

மலையிலிருந்து இறங்கும் நீர் வேனிற்காலத்திலும் குளிர்ந்தே இருக்கிறது. குளிரில் விரல் சுருங்கும். ஈரத்திலும் எண்ணெய்ப் பசையிலும் நகை வழுக்கும். வீட்டில் இறுக்கமாக இருந்த மோதிரம் மூன்றாம் முழுக்கில் நழுவுவதில் வியப்பில்லை. நழுவிய பொன் நெடுந்தூரம் போய்விடுவதும் இல்லை. மணல் நீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட கனமுடையது. இருபத்திரண்டு காரட் பொன்னோ பதினேழு மடங்குக்கு மேல். ஆகவே கெட்டியான மோதிரம் விரைந்து அடியில் இறங்கிவிடும். உள்ளீடற்ற ஜிமிக்கியும் மெல்லிய தகட்டு நகையுமே ஓட்டத்தோடு சற்றுத் தள்ளிப் போகும். அதன் பின்புதான் சங்கடம். நீரோட்டமும் குளிப்போர் கால்களும் மணலைக் கிளறக் கிளற, கனமான பொருள் கீழே கீழே புதைந்து, கல்லிலோ களிமண்ணிலோ போய்த் தங்கும். முதல் நாள் கைக்கு எட்டிய பொருளை மறு மாதம் மண்ணைத் தோண்டித் தேட வேண்டும்.

எனவே நகை விழுந்ததென்று அறிந்தவுடன் பதறித் துழாவுதல் ஆகாது. துழாவும் காலே அதைப் புதைத்துவிடும். அருகில் நிற்போரை விலகச் சொல்லி, எந்தப் படியில் நின்றோம், எந்தச் சங்கிலிக்கு நேரே நின்றோம் என்பதை ஒருவர் கரையிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஹர் கி பௌரியில் நாம் நீராடும் ஓட்டம் கால்வாய்க்காகத் திருப்பிவிடப்பட்டது. அதன் வேகம் நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். மோதிரத்துக்காகச் சங்கிலியை விட்டு நகர்வது பேதைமை. அங்கே இறங்கத் தக்கவர்கள் கோதாகோர் என்று இந்தியில் அழைக்கப்படும் முக்குளிப்போரே.

இவர்கள் தொழிலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டை நீர்மேல் அழுத்தி, அலையில்லாத சாளரம்போல் அதன் வழியே அடித்தரையை நோக்குவார் சிலர். கயிற்றில் காந்தத்தைக் கட்டி எறிவார் வேறு சிலர்; தில்லி யமுனையிலும் இக்காட்சி உண்டு. 1992 முதல் நம் ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் எஃகினால் ஆனது. அதுவே காந்தக்காரரின் பிழைப்பு. பித்தளை நிற ஐந்து ரூபாய் ஒட்டாது. பொன்னும் வெள்ளியும் ஒட்டவே ஒட்டா. ஆகவே மோதிரம் தேடக் காந்தக்காரரை அழைத்துப் பயனில்லை. மூழ்கிக் கையால் தடவுவோரையே அழைக்க வேண்டும். படியின் அடிவாரம், கல் இடுக்கு, ஓட்டம் தளரும் பாறைப் பின்புறம் ஆகிய இடங்களில் அவர்கள் கை தானே செல்லும். (செம்புக் காசு நீரைத் தூய்மையாக்கும் என்று சொல்லிக் காசு எறிவோர், இன்று எறிவது எஃகு என்பதையும் நினைப்பது நன்று.)

கூலிப் பேச்சில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். தேடும் உழைப்புக்கு ஒரு தொகை, கிடைத்தால் வெகுமானம் ஒரு தொகை என இரண்டையும் அவர் நீரில் இறங்குமுன் பேசி முடித்தல் உசிதம். ஒரு மணி நேரம் குளிரில் மூழ்கி வெறுங்கையோடு ஏறியவரைப் பார்த்து, "எடுத்து ஒளித்துவிட்டாய்" என்று சொல்வதை நாம் கேட்டதுண்டு. ஆதாரமில்லாமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சட்டமும் இரு தரப்பையும் கருதியே இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய கடமை உடையவர், பொருள் அவருடையதாகிவிடாது. 168ஆம் பிரிவின்படி, உரியவரைத் தேடவும் பொருளைக் காக்கவும் தாமே பட்ட சிரமத்துக்காக அவர் வழக்குத் தொடர இயலாவிடினும், ஈடு பெறும்வரை பொருளைத் தம்மிடம் வைத்திருக்கலாம்; உடையவர் வெகுமானம் அறிவித்திருந்தால் அதற்காக வழக்கும் தொடரலாம். ஆகையால் வாய்க்கு வந்த பெருந்தொகையை ஆத்திரத்தில் கூறிவிட்டு, நகை கைக்கு வந்தபின் குறைத்துப் பேசுதல் செல்லாது.

சிறுவர்களை இறக்கலாகாது. குழந்தைகள் பாய்ந்து எடுப்பதைக் கண்டு களிக்கக் காசு எறியும் வழக்கம் நம் யாத்திரிகர்களிடமும் இருக்கிறது. அதை நாம் வெறுக்கிறோம்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் நகை விழுந்தால் வழி எளிது. முதலில் நீரிறைக்கும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, பிறகு மேல்விளிம்பிலுள்ள வடிகட்டிக் கூடையையும் அடிப் போக்குவாயையும் பார்க்க வேண்டும். பம்பாய்க் கடற்கரை அன்பர்களுக்கு ஒரு குறிப்பு: உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் சாதாரண உலோகங்காணும் கருவி அங்கே பொய்யாக ஒலிக்கும்; துடிப்பு முறையில் இயங்கும் கருவியே ஏற்றது.

மீண்டும் ஹரித்துவாரத்துக்கு வருவோம். 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயை ஆண்டுதோறும் விஜயதசமியை ஒட்டிப் பராமரிப்புக்காக மூடி, தீபாவளியை ஒட்டித் திறப்பது வழக்கம். அந்நாட்களில் ஹர் கி பௌரியில் நீர் வற்றி அடித்தரை வெளிப்படும். உள்ளூர் மக்கள் சல்லடையும் கூடையுமாகக் குடும்பத்தோடு இறங்கி, ஓராண்டின் காசையும் நகையையும் மண்ணிலிருந்து அரித்தெடுப்பார்கள். கோடையில் மோதிரம் இழந்தவர்கள், அன்று குறித்த படியின் அடையாளத்தையும் நகையின் படத்தையும் எடுத்துக்கொண்டு அப்போது ஒருமுறை போய்க் கேட்டுப் பார்க்கலாம்.