மாலை சூடிய வாக்கு

"காலத்திற்கேற்ப மாறாத கடை காணாமற்போகத்தானே செய்யும்?" என்று கேட்கின்றனர், குளிரறையில் அமர்ந்து பொருளாதாரம் பேசும் பெருமக்கள். தோழரே, அவர்களை மேற்கு மாம்பலத்துச் சந்து ஒன்றுக்கு அழைத்து வாருங்கள்.

ஓட்டுக் கட்டிடம், அதன் முகப்பிலே அண்ணாச்சியின் மளிகைக் கடை. மாறவில்லையா அவர்? தட்டுத் தராசு போய் மின்தராசு வந்தது. புளிமூட்டைக்குப் பக்கத்திலே கியூஆர் அட்டை தொங்குகிறது. எதிரே எழுந்த அடுக்ககத்திலிருந்து கைப்பேசி அழைக்கிறது; ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் சுமந்து கடைப்பையன் மாடி ஏறுகிறான். அவற்றின் சுவை அண்ணாச்சி அறியார், விலை அறிவார்! பற்று நோட்டு மட்டும் மாறவில்லை. அதுவும் மாறினால், அந்த அடுக்ககத்திலே பாத்திரம் துலக்கும் தாய்மார் மாதக் கடைசியில் எதைக்கொண்டு உலை வைப்பர்?

கடை மாறிவிட்டது. கூரைதான் கைவிட்டுப் போகிறது.

2019-ஆம் ஆண்டிலே கட்டிட விதி திருத்தப்பட்டது. உயரம் குறைந்த கட்டிடங்களுக்கு மனையளவில் 1.5 மடங்கு என்றிருந்த தளப்பரப்பு 2 மடங்காயிற்று; ஓட்டுக் கட்டிடத்தை இடிப்பதில் ஆதாயம் கூடிற்று. அதே ஆண்டு, 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விடைபெற, 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை கேட்டு வழக்காடும் வழி மறைந்தது, எழுதிக்கொண்டதே வாடகை! எழுதிக்கொள்ளவில்லையா? அதையே காரணமாகக் காட்டி இடத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

"ஒப்பந்தம் எங்கே?"

"பெரியவர் வாக்குக் கொடுத்தாருங்க."

"பெரியவர் எங்கே?"

சுவரிலே மாலையோடு தொங்குகிறார் பெரியவர்!

வீட்டுக்காரர் அனைவரும் கொடியவர் என்று கூறேன். பழைய சட்டத்திலே சொற்ப வாடகை பெற்று, வழக்குமன்றப் படியேறித் தேய்ந்தோரும் உண்டு. அவர் குறை தீரட்டும். அதற்கு அண்ணாச்சி தெருவில் நிற்கவேண்டுமா?

நீதிக் கட்சி ஆண்ட 1921-இலேயே சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிறர் மனையில் தம் செலவில் கட்டிடம் எழுப்பியவரை வெறுங்கையோடு விரட்டாதே, ஈடு கொடு என்றது. அந்த மனையையே விலைக்குக் கேட்கும் உரிமையும் தந்தது. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவருக்கு ஈடு உண்டு. தெருவின் நம்பிக்கையைக் கட்டியவருக்கு இல்லையா?

எனவே கேட்கிறோம்: ஆண்டுக்கணக்கில் வாடகை செலுத்திய சீட்டையே ஒப்பந்தமாகக் கொள்ளுங்கள். இடித்துக் கட்டுவோர் தரைத்தளத்திலே பழைய கடைக்காரருக்கு முதலுரிமை தரட்டும். வாடகைக்கு வரம்பு கட்டுங்கள். மகிழுந்து நிற்க வரைபடத்திலே இடம் காட்டாவிட்டால் கட்டவே அனுமதியில்லை என்கிறீர்களே, அதே வரைபடத்தில் அண்ணாச்சியின் கல்லாப்பெட்டிக்கும் ஓர் இடம் காட்டச் சொல்லுங்கள்!