தலைப்பாகையும் தலைக் கணக்கும்

மனைவி பேங்கில் வேலை பார்ப்பதால் எங்கள் வீட்டில் எல்.டி.சி. அவள் பெயரில், மூட்டை தூக்குவது என் பெயரில். இந்த முறை ஜெய்ப்பூர். ஆம்பர் கோட்டை, ஹவா மஹால் எல்லாம் முடித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு 'ராஜஸ்தான் கிராம'த்துக்கு ராத்திரி விருந்துக்குப் போனோம். ஆட்டம், பாட்டு, பொம்மலாட்டம், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு ஆயிரத்து நூறு.

சிமென்டில் கட்டி, மண் நிறத்தில் பெயின்ட் அடித்த குடிசைகள். வாசலிலேயே குங்குமம் வைத்து, சிவப்புத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணத்துக்கு பேண்டு வாசிக்க வந்தவன் மாதிரி இருந்தேன்.

நான் பி.காம். நான்கு டிக்கெட், நாலாயிரத்து நானூறு. இதைச் சாப்பிட்டே வசூல் பண்ணியாக வேண்டும். தலையில் ஏழெட்டுப் பானைகளை அடுக்கி ஆடிய பெண்மணியைக்கூட நின்று பார்க்காமல், பையனை இழுத்துக்கொண்டு பந்திக்கு ஓடினேன்.

தரையில் சம்மணம். அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. "எனக்குப் பசிக்கலை. நீங்க சாப்பிடுங்கடா" என்று பொம்மலாட்டத் திரைக்கு எதிரே இருந்த கயிற்றுக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

தால், பாட்டி, சூர்மா வந்தது. பாட்டி என்றால் நம் பாட்டி அல்ல. சுட்ட கோதுமை உருண்டை. உடைத்து, நெய்யைக் குளம் கட்டுகிறார்கள். போதும் என்று கையால் மறைத்தால் விரலிடுக்கில் ஊற்றுகிறார்கள். இந்த உபசாரத்துக்கு 'மனுஹார்' என்று பெயர். வற்புறுத்தாவிட்டால் மரியாதைக் குறைவாம். ஆறாவது பாட்டியில் என் டிக்கெட் வசூலான திருப்தியோடு எழுந்தேன்.

திரும்பிப் போனால், பொம்மலாட்டத்துக்கு ஒரே ஒரு ரசிகர். அப்பா!

கட்புத்லி என்கிற அந்த மரப் பொம்மைகளுக்குக் கால் கிடையாது, நீளப் பாவாடைதான். மனைவி டோலக் தட்டிப் பாட, திரைக்குப் பின்னாலிருந்து கணவர் ஒற்றை ஆளுக்காக அமர் சிங் ராத்தோர் கதையை முழுசாக நடத்திக்கொண்டிருந்தார். 1644-ல், ஆக்ராவில், ஷாஜஹான் தர்பாரிலேயே சலாபத் கானை வெட்டிய நாகௌர் வீரன். லீவு முடிந்தும் டியூட்டிக்கு வராததற்கு அபராதம் கேட்டதால் வந்த வினை என்கிறது கதை. கருவூலத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயரான அப்பா அசையாமல் பார்த்தார்.

முடிந்ததும் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். எனக்குப் பகீரென்றது.

"அப்பா, டிக்கெட்லயே எல்லாம் அடக்கம்!"

"சாப்பாடுதான்டா அடக்கம். நான்தான் சாப்பிடலையே. என் பங்கு இவங்களுக்கு."

பந்தியில் இடமில்லை. இங்கே கட்டில்கள் காலி. நாலாயிரத்து நானூறில் இவர்களுக்கு எத்தனை போய்ச் சேரும் என்ற கணக்கை மட்டும் இந்த பி.காம். போடவே இல்லை.

பையன் கேட்டானென்று, பொம்மைக்குக் கீச்சுக் குரல் கொடுக்கும் விசிலை வாயிலிருந்து எடுத்துக் காட்டினார். மூங்கிலும் தோலும் சேர்த்துச் செய்தது. பெயர் 'போலி'. ஹிந்தியில் பேச்சு என்று அர்த்தம். சிமென்ட் குடிசை, என் தலைப்பாகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அங்கே அசலாக இருந்த ஒன்றுக்குப் போய் இந்தப் பெயர்!

அப்பா பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா மூன்றும் பாஸ் செய்துவிட்டு, நாற்பது வருஷமாக ஹிந்தி பேச ஆள் கிடைக்காதவர். டாக்ஸியில் கேட்டேன்: "அவர்கிட்ட அவ்வளவு நேரம் என்னப்பா பேசினீங்க?"

"முன்னாடியே எக்ஸ்டென்ஷன் லெட்டர் கொடுத்திருந்தா அமர் சிங்குக்கு இந்த வம்பே வந்திருக்காதுன்னேன். அவரும் ஒத்துக்கிட்டார்" என்றார்.