பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை: எதை எப்போது தயார் செய்யவேண்டும்?

"அறுவைச் சிகிச்சை செய்யணும்."

மருத்துவர் இந்த ஒரு வரியைச் சொன்னபிறகு, அவர் பேசும் மற்றதெல்லாம் பல பெற்றோரின் காதில் ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். எவ்வளவு செலவாகும்? மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்தா? பிள்ளையிடம் என்னன்னு சொல்றது?

சிறுவர்களுக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளில் பல சிறியவை. குடலிறக்கம், டான்சில், கீழிறங்காத விரை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்பிவிடலாம். இதயத்தில் ஓட்டை, பிளவுபட்ட உதடு போன்றவற்றுக்குக் கூடுதல் நாள் தேவை. சிறியதோ பெரியதோ, குடும்பம் செய்யவேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு. சில கெடுக்கள் பிள்ளை பிறந்தவுடனேயே தொடங்கிவிடுகின்றன. காப்புறுதி விதிகள் மாறியிருப்பதால் இப்போது அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது இன்னும் முக்கியம்.

பிறந்தவுடன்: காப்புறுதி

சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி உண்டு. குடிமக்களின் குழந்தைக்கு அது பிறந்த நாளிலிருந்தே கிடைக்கிறது. பிறவிக் குறைபாடுகளும் அதில் அடங்கும். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையை "ஏற்கெனவே நோய் இருக்கு" என்று அது ஒதுக்குவதில்லை.

ஆனால் அதன் வரம்புகள் பொது மருத்துவமனைகளின் பி2, சி வகுப்புப் படுக்கைப் பிரிவுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. தனியார் மருத்துவமனையையோ உயர்வகுப்புப் பிரிவையோ நாடினால் கட்டணத்தில் ஒரு பகுதிக்குத்தான் அது போதும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டத்தை வாங்குகிறார்கள்.

இங்கேதான் முதல் கெடு. ஒருங்கிணைந்த திட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. விண்ணப்பிக்கும் முன்பே கண்டறியப்பட்ட நோயை அவை விலக்கிவைக்கலாம். பொதுவாகக் குழந்தை பிறந்து 15 நாளுக்குப் பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அதற்குள் மருத்துவர் குறைபாடு எதையாவது கண்டுபிடித்துவிட்டால், அதற்கான செலவை ஏற்கும் திட்டம் கிடைப்பது கடினம். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவோருக்கும் இதே நிலைதான். அப்போது மெடிஷீல்டு லைஃப்தான் கைகொடுக்கும்.

ரைடர் விதிகளில் என்ன மாற்றம்?

ஒருங்கிணைந்த திட்டத்தோடு 'ரைடர்' எனப்படும் துணைத் திட்டத்தையும் வாங்கும் பெற்றோர் அதிகம். காப்புறுதி பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டவேண்டிய முதல் தொகையையும் ரைடர் ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அதற்குக் காரணம்.

அந்த நிலை மாறிவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், அமைச்சு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்ச முதல் தொகையை ஏற்கமுடியாது. படுக்கைப் பிரிவைப் பொறுத்து அது 1,500 வெள்ளியிலிருந்து 3,500 வெள்ளி வரை. மீதிக் கட்டணத்தில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடு கட்டவேண்டும் என்ற விதி தொடர்கிறது. அந்தப் பங்கிற்கான ஆண்டு உச்சவரம்பு 3,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளிக்கு உயர்ந்துள்ளது.

ஓர் உதாரணம் பார்ப்போம். தனியார் மருத்துவமனையில் கட்டணம் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் தொகையையும் ஏற்ற பழைய வகை ரைடர் இருந்தால், குடும்பம் கட்டுவது 5 விழுக்காடு, அதாவது 1,000 வெள்ளி. புதிய வகையில் முதல் தொகை 3,500 வெள்ளி, மீதி 16,500 வெள்ளியில் 5 விழுக்காடு 825 வெள்ளி. மொத்தம் 4,325 வெள்ளி.

கையிலிருந்து ஏதும் கட்டத் தேவையில்லாதபோது தேவைக்கு மேல் சிகிச்சை நடக்கிறது, அது எல்லாருடைய சந்தாவையும் ஏற்றிவிடுகிறது என்பது சுகாதார அமைச்சின் வாதம். புதிய ரைடர்களின் சந்தா சராசரியாகச் சுமார் 30 விழுக்காடு குறையும் என்று அது எதிர்பார்க்கிறது.

இளம் குடும்பங்களுக்கு இதன் பொருள் என்ன? சந்தாவில் மிச்சமாகும் பணத்தைத் தனியே எடுத்துவைத்தால்தான் அது பயன்படும். "ரைடர் இருக்கு, ஒண்ணும் கட்டவேண்டாம்" என்ற நம்பிக்கையில் தனியார் மருத்துவமனையில் தேதி வாங்கினால், கட்டணச் சீட்டு வரும்போது அதிர்ச்சிதான்.

தேதி குறிக்கும்போது: முதலில் கேட்கவேண்டியது

"இது அவசரமா, காத்திருக்கலாமா?" என்ற கேள்விக்கான பதிலைப் பொறுத்து மற்ற எல்லாமே மாறும். கைக்குழந்தையின் தொடையிடுக்கில் வரும் குடலிறக்கம் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் அதை நீண்டநாள் தள்ளமாட்டார்கள். தொப்புளில் வருவதோ பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அணுகுமுறை வேறு. "என் தம்பி பிள்ளைக்கு ஒண்ணுமே செய்யல, சரியாயிடுச்சு" என்று உறவினர் சொல்வதை வைத்து முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு இதுவே சான்று.

காத்திருக்கலாம் என்றால் நல்ல நாள் பார்ப்பதில் தவறில்லை. மருத்துவர் வாரக் கெடு கொடுத்திருந்தால் அதற்குள் வரும் நாளே நல்ல நாள்.

அடுத்தது செலவு. பொது மருத்துவமனைகளில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும்தான் சிறுவர் அறுவைச் சிகிச்சைக்கான முக்கிய இடங்கள். தேதி உறுதியாகும் முன்பே உத்தேசக் கட்டணத்தைக் கேட்டுப் பெறலாம்.

* கழிவு: பி2, சி பிரிவுகளில் குடிமக்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து 50 முதல் 80 விழுக்காடு வரை. நிரந்தரவாசிகளுக்கு அதைவிடக் குறைவு.
* மெடிசேவ்: பிள்ளையின் கணக்கையும் பெற்றோரின் கணக்கையும் பயன்படுத்தலாம். அறுவைச் சிகிச்சைகள் 1ஏ முதல் 7சி வரை வகைப்படுத்தப்பட்டுள்ளன. எடுக்கக்கூடிய தொகை அந்த வகையைப் பொறுத்தது. 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குடிமக்களின் கணக்கில் அரசாங்கம் 5,000 வெள்ளி போடுகிறது. அதற்கு முன் அது 4,000 வெள்ளி.
* பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு: அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சைக்கும் இதைப் பயன்படுத்தலாம். பாலர் பள்ளிக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் உண்டு.
* மெடிஃபண்ட் ஜூனியர்: இத்தனைக்குப் பிறகும் கட்டமுடியாத குடிமக்களின் பிள்ளைகளுக்கு. மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியர் வழி விண்ணப்பிக்கவேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை.

வேலை அனுமதியில் இங்கு வந்திருக்கும் குடும்பங்களின் நிலை வேறு. சார்ந்திருப்போர் அனுமதி அட்டையில் உள்ள பிள்ளைக்கு மெடிஷீல்டு லைஃபும் இல்லை, கழிவும் இல்லை. நிறுவனத்தின் காப்புறுதி பிள்ளையையும் பிறவிக் குறைபாட்டையும் உள்ளடக்குகிறதா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

விடுப்பையும் இப்போதே திட்டமிடவேண்டும். குடிமகனான பிள்ளைக்கு 7 வயதாகும் ஆண்டுவரை, தகுதிபெறும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2024 முதல் ஆண்டுக்கு 12 நாள் சம்பளமில்லா விடுப்பும் எடுக்கலாம். இருவரும் ஒரே நாளில் எடுத்துத் தீர்ப்பதைவிட, வீடு திரும்பிய பின் வரும் நாள்களுக்குப் பிரித்துவைப்பது உதவும்.

இரண்டு வாரத்துக்கு முன்: சளி

கடைசி நேரத்தில் தேதி தள்ளிப்போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சளி. சளி பிடித்த பிள்ளையின் மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும். இருமல் நின்ற பிறகும் சில வாரங்களுக்கு அப்படித்தான் இருக்கும். மயக்க மருந்து கொடுக்கும்போது அது ஆபத்து. காய்ச்சல், நெஞ்சுச்சளி இருந்தால் உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடவேண்டும். "தேதி போயிடுமே" என்று மறைப்பது பிள்ளைக்கு நல்லதல்ல. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதுவும் பிள்ளையின் மூச்சுக்குழாயைப் பாதிக்கும்.

மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லவேண்டியவை இன்னும் உண்டு: ஆஸ்துமா, ஒவ்வாமை, ஜி6பிடி குறைபாடு, அண்மையில் போட்ட தடுப்பூசி, ஆடும் பல், வீட்டில் கொடுக்கும் நாட்டு மருந்து. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் வந்திருந்தால் அதையும் சொல்லவேண்டும். சில எதிர்விளைவுகள் பரம்பரையாக வருபவை. ஊரில் இருக்கும் மாமாவுக்கு எப்போதோ நடந்ததாக இருந்தாலும் சரி.

மூளை பாதிக்குமோ என்ற பயம் பலருக்கு. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது பலமுறை மயக்க மருந்து கொடுப்பது குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. குடலிறக்கச் சிகிச்சைக்கு வந்த 700க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2019இல் தி லான்செட் சஞ்சிகையில் வெளியானது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒருமுறை மயக்கம், ஐந்து வயதில் அவர்களின் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

முந்தைய இரவு: ஒரு மிடறு பால்

நம் வீடுகளில் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். "பிள்ளை பசியோட போகக்கூடாது, கொஞ்சம் பால் குடுத்தா என்ன?" என்று பாட்டி கேட்பார். பாசத்தில் வரும் கேள்வி அது. ஆனால் மயக்கத்தில் இருமலும் விழுங்கும் அனிச்சையும் அடங்கிவிடும். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பல மருத்துவமனைகளின் பொதுவான கணக்கு இது: திட உணவு, மாட்டுப்பால், மாவுப்பால் ஆகியவற்றுக்கு 6 மணி நேர இடைவெளி, தாய்ப்பாலுக்கு 4 மணி, தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு 2 மணி. சில இடங்களில் கணக்கு சற்று மாறும். உங்கள் மருத்துவமனை கொடுத்த நேரம்தான் இறுதி. மைலோ, சோயாபால், கஞ்சித்தண்ணீர் தெளிந்த பானம் அல்ல. மறுபுறம், தேவைக்கு மேல் பட்டினி போடுவதும் வேண்டாம். அனுமதித்த நேரம்வரை தண்ணீர் கொடுக்கலாம்.

பிள்ளையின் கைக்கு எட்டும் பிஸ்கட் டப்பாவை எடுத்துவைத்துவிடுங்கள். அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா, பணிப்பெண் என எல்லாருக்கும் ஒரே நேரம் தெரிந்திருக்கவேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டிவைக்கலாம்.

அரைஞாண், கொலுசு, தோடு, தாயத்து ஆகியவற்றைக் கழற்றவேண்டும். மின்சாரத்தால் இயங்கும் அறுவைக் கருவிகளால் உலோகம் பட்ட இடத்தில் தோல் சுட்டுவிடக்கூடும். நகச்சாயமும் அடர்ந்த மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியைக் குழப்பலாம். முன்கூட்டியே தெரிந்தால் கோயிலில் கட்டிய கயிற்றை என்ன செய்வது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடலாம்.

இன்னொன்று: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடவேண்டியவர் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். தாத்தா பாட்டி மட்டும் அழைத்துப் போனால் போதாது.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

"பார்க்குக்குப் போறோம்" என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் பிள்ளை அடுத்தமுறை நம்பாது. "வலிக்கவே வலிக்காது" என்பதும் அப்படித்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓரிரு நாளுக்கு முன் சொன்னால் போதும். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைக்குச் சில நாள்களுக்கு முன் சொல்லலாம். "டாக்டர் உன் வயித்தைச் சரி பண்ணப் போறாரு. ஒரு மருந்து குடுப்பாங்க, நீ தூங்கிடுவே. எழுந்திருக்கும்போது அம்மா இருப்பேன். கொஞ்சம் வலிக்கும், அதுக்கும் மருந்து இருக்கு." இவ்வளவு போதும்.

மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் கதறும், உதைக்கும், அம்மாவையே அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொள்ளும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். முன்பே தெரிந்திருந்தால் பெற்றோர் பதறமாட்டார்கள்.

புறப்படும் முன் கேட்கவேண்டிய 4 கேள்விகள்

1. வலி மருந்து பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லிலிட்டர், எத்தனை மணிக்கு ஒருமுறை?
2. எந்த அறிகுறி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும்? டான்சில் எடுத்த பிள்ளைக்கு ஐந்து முதல் பத்து நாள் கழித்தும் ரத்தம் கசியலாம்.
3. எப்போது குளிக்கலாம், பள்ளிக்குப் போகலாம், ஓடி விளையாடலாம்?
4. இரவில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணை அழைப்பது?

பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். அன்று இருக்கும் களைப்பில் நினைவில் நிற்காது. மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனபின் பிள்ளைக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கப்போவது பாட்டியாகவோ பணிப்பெண்ணாகவோ இருக்கலாம். அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்கவேண்டும்.