பல்பு எரிகிறது... கேள்வி எங்கே?



அறிவியல் கண்காட்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாக மேஜைகள். ஒன்றில் எரிமலை, சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைத்துப் பொங்குகிறது. அடுத்ததில் தெர்மாகோல் காற்றாலை. அதற்கடுத்ததில் மழைநீர் சேகரிக்கும் வீடு. பக்கத்தில் நிற்கும் மாணவர், மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நடுவராகப் போன ஒரு கண்காட்சியில், "இந்த ஒயரை ஏன் இங்கே கொடுத்திருக்கிறாய், தம்பி?" என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "அதை மட்டும் எங்க அப்பாகிட்டதான் கேக்கணும், சார்" என்றான். பொய் சொல்லாத பிள்ளை!

அவன் மேஜையில் பல்பு எரிந்தது. ஆனால், அவனுடைய கேள்வி ஒன்றுகூட அங்கே இல்லை. நாம் இன்று பேசப்போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

ஏன் இப்படி ஆகிறது?

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கண்காட்சி பற்றிய அறிவிப்பு பல பள்ளிகளில் ஒரு வாரத்துக்கு முன்புதான் வருகிறது. ஒரு வாரத்தில் ஆராய்ச்சி செய்ய முடியுமா? கடையில் தயாராக இருக்கும் மாடலை வாங்குவதுதான் சுலபம். நடுவர்களில் சிலரும், எது மின்னுகிறதோ, எது சுற்றுகிறதோ, அதற்கே பரிசு தருகிறார்கள்.

வகுப்பறையிலும் ஒரு சிக்கல் உண்டு. நாற்பது பேர் கொண்ட வகுப்பு; முக்கால் மணி நேரப் பாடவேளை; முடிக்க வேண்டிய பாடமோ மலைபோல! ஒரு மாணவி எழுந்து "ஏன்?" என்று கேட்டால், "பிறகு சொல்கிறேன், உட்கார்" என்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதே இல்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? மாடல் வாங்கப் பணம் இல்லாத பிள்ளை, "நமக்கெதற்கு?" என்று ஒதுங்கி நிற்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பிள்ளையும் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. ஆக, இருவருக்கும் நஷ்டம்தான்.

ஒரு அட்டைத் தடுப்பு போதும்!

விலை உயர்ந்த பொருள் இல்லாமல் நல்ல ஆராய்ச்சி செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவள் அமெரிக்காவைச் சேர்ந்த எமிலி ரோசா என்ற சிறுமி. 1996-ல் அவளுக்கு வயது 9. நான்காம் வகுப்பு மாணவி.

நோயாளியின் உடலைத் தொடாமல், உடலுக்குச் சற்று மேலே கைகளை அசைத்தே நோயைக் குணப்படுத்தலாம் என்று அங்கே சிலர் சொல்லி வந்தார்கள். மனித உடலைச் சுற்றி ஒரு சக்தி இருக்கிறது, அதை எங்கள் கைகள் உணரும் என்பது அவர்கள் வாதம். எமிலி அவர்களோடு சண்டை போடவில்லை. "உண்மையிலேயே உணர முடிகிறதா? பார்த்துவிடலாமே!" என்று நினைத்தாள். அதையே பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு அட்டையை நிறுத்தினாள். அதில் இரண்டு ஓட்டைகள். சிகிச்சை செய்பவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஓட்டைகள் வழியாக இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். எமிலியை அவரால் பார்க்க முடியாது. எமிலி ஒரு காசைச் சுண்டுவாள். அது விழும் பக்கத்தைப் பொறுத்து, அவருடைய வலது கைக்கோ இடது கைக்கோ சற்று மேலே தன் கையை வைப்பாள். "என் கை எந்தப் பக்கம் இருக்கிறது?" இவ்வளவுதான் கேள்வி!

மொத்தம் 21 பேர், 280 முறை சோதனை. குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி, அதாவது ஏறக்குறைய 140 சரியாக இருக்கும் அல்லவா? ஆனால், அவர்கள் சரியாகச் சொன்னது 123 முறைதான்! அவர்களில் 27 ஆண்டு அனுபவம் உள்ளவரும் இருந்தார்.

பெரியவர்களின் துணையோடு எழுதப்பட்ட இந்த ஆய்வு, 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் புகழ்பெற்ற இதழில் வெளிவந்தது. அப்போது எமிலிக்கு 11 வயது. பார்த்தீர்களா! அவளிடம் இருந்தவை ஒரு அட்டை, ஒரு காசு, ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

நம் ஊரில் என்ன வழி இருக்கிறது?

நமக்கும் வழிகள் திறந்துதான் இருக்கின்றன. 1993-ல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடு அவற்றில் ஒன்று. இதைத் தமிழ்நாட்டில் நடத்தி வந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கானது. பளபளக்கும் மாடல் இதற்குத் தேவையில்லை. உங்கள் ஊரின் குளம், குப்பை, பயிர், உணவு என்று ஏதாவது ஒன்றைப் பற்றி நீங்களே தகவல் திரட்டி ஆராய வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டம் இன்னொரு வழி. பள்ளிகள் மூலம் அனுப்பப்படும் மாணவர்களின் யோசனைகளில் தேர்வாகும் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய், அந்த மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும்.

தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் 'வானவில் மன்றம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக, சோதனைக் கருவிகளோடு கருத்தாளர்கள் பள்ளிக்கே வரும் திட்டம் இது.

நல்ல முயற்சி! ஆனால், இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கருத்தாளர் சோதனை செய்துகாட்ட, நீங்கள் கைதட்டிவிட்டுப் போனால் அது மேஜிக் ஷோ ஆகிவிடும். "இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும்?" என்று உங்களில் ஒருவர் கேட்க வேண்டும். அப்போதுதான் அது அறிவியல். கருவியை அரசு கொடுக்கலாம். கேள்வியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அதே திருச்சியில் பிறந்தவர்தான் சர் சி.வி. ராமன். 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை யோசிக்க வைத்தது. வானத்தின் நிறம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று பெரிய விஞ்ஞானியே சொல்லியிருந்த காலம் அது. ராமன் தம்மிடம் இருந்த சிறிய பட்டகம் ஒன்றின் மூலம் அந்தப் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! தண்ணீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று கண்டார். அந்த வழியில் தொடர்ந்து ஆராய்ந்ததன் பலன்தான் 1928 பிப்ரவரி 28-ல் கண்டறிந்த 'ராமன் விளைவு'. 1930-ல் நோபல் பரிசும் கிடைத்தது. பிப்ரவரி 28-ஐ நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுவது இதனால்தான்.

நீங்களும் செய்து பாருங்கள்

"கையால் கரைத்தால்தான் இட்லி மாவு நன்றாகப் பொங்கும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையா? சோதித்துப் பார்ப்போமா?

* ஒரே மாவை இரண்டு பங்காகப் பிரியுங்கள். உப்பின் அளவும் ஒன்றாக இருக்கட்டும்.

* ஒரு பங்கைக் கழுவிய கையாலும், மற்றொன்றைக் கழுவிய கரண்டியாலும் ஒரே நேரம் கரையுங்கள்.

* ஒரே மாதிரியான ஆறு கண்ணாடி டம்ளர்களில், பங்குக்கு மூன்றாக, பாதியளவு ஊற்றி ஒரே இடத்தில் வையுங்கள். மாவின் மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள்.

* எது எந்த மாவு என்பதை டம்ளரின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலையில், விவரம் தெரியாத ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். எமிலியின் அட்டைத் தடுப்புக்கு இது சமம்!

விடையை நான் சொல்லப்போவதில்லை. பாட்டி சொன்னது சரியாக இருந்தால் பாட்டிக்கு ஒரு சபாஷ்! வித்தியாசமே இல்லை என்று வந்தால், அதையும் அப்படியே எழுதுங்கள். எதிர்பார்த்தது வரவில்லை என்பதற்காக எண்களை மாற்றக் கூடாது. இன்னொரு நாள் மறுபடியும் செய்து பாருங்கள். அப்போதும் அதே விடை வருகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்த கண்காட்சிக்கு இந்த ஆறு டம்ளர்களையும் உங்கள் நோட்டையும் எடுத்துப் போங்கள். உங்கள் மேஜையில் பல்பு எரியாமல் போகலாம். ஆனால், நடுவர் எதைக் கேட்டாலும் அப்பாவைத் தேட வேண்டியிருக்காது. நீங்களே பதில் சொல்வீர்கள்.

என்ன, மாவு கரைக்கக் கிளம்பிவிட்டீர்களா? வாழ்த்துகள்!