நோக்கு யாருடையது?

அண்மைக் காலமாக நமது பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ விரிவுரைகளிலும், வர்த்தகப் பிரமுகர்கள் மேடையேறும் கருத்தரங்குகளிலும் ஒரு சொற்றொடர் பெருவழக்காகியுள்ளது. 'நோக்குடைய தலைமைத்துவம்' என்பது அது. இலாபத்தை மட்டுமே கருதிய பழைய முதலாளி மறைந்துவிட்டான் எனவும், மண்ணையும் மக்களையும் உண்பவரின் உடல்நலத்தையும் நெஞ்சிலிருத்திய புதிய தலைவன் தோன்றிவிட்டான் எனவும் நமக்குக் கூறப்படுகின்றது. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுபவை உணவுக் கம்பனிகளே. சவர்க்காரம் விற்பவரைவிடப் பால் விற்பவர்க்கு அறம் பேசுதல் எளிது போலும்.

இக்கூற்று பிழையானது என்பதே எமது துணிபு. தலைவர் ஒருவரின் நெஞ்சை ஆராய்ந்து பெறக்கூடிய பயன் ஒன்றுமில்லை. அவரைப் பதவியில் அமர்த்தவும், அவரிடம் கணக்குக் கேட்கவும், வேண்டாதபோது அவரை அகற்றவும் உரிமை பெற்றோர் யாவர்? ஒரு நிறுவனத்தின் நோக்கு இவ்வினாவுக்கான விடையிலேயே தங்கியுள்ளது.

இத் தலைமைத்துவத்தின் ஆதரவாளர்கள் விரும்பி எடுத்தாளும் உதாரணத்தையே நாமும் எடுத்துக்கொள்வோம். பிரான்சின் டனோன் கம்பனி யோகட்டும் குழந்தைகளுக்கான பாலுணவும் போத்தல் நீரும் விற்பது. அதன் மரபு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1972ஆம் ஆண்டில், பின்னர் டனோனுடன் இணைந்த பீ.எஸ்.என். நிறுவனத்தின் தலைவர் அந்துவான் றிபு, மார்செய் நகரில் தம்மொத்த முதலாளிமார் முன்னிலையில், ஒரு நிறுவனத்தின் பொறுப்பு தொழிற்சாலை வாயிலுடன் முடிவதில்லை என வாதிட்டார். நான்காண்டுகளுக்கு முன்னர்தான் பிரான்சின் தொழிலாளரும் மாணவரும் நாட்டையே நிறுத்திக் காட்டியிருந்தனர் என்பதையும் உடன் நினைவிற் கொள்ளல் வேண்டும். அம் மரபில் வந்த எமானுவேல் பாபேர் 2014இல் பிரதம நிறைவேற்று அதிகாரியானார். 2017இல் சபைத் தலைமையும் அவரிடம் வந்தது. 2018இல் ஊழியர் ஒவ்வொருவருக்கும் கம்பனியின் ஒரு பங்கை வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் பிரான்சியச் சட்டமொன்று கம்பனிகள் தமது சமூக நோக்கினை யாப்பிலேயே பொறித்துக்கொள்ள இடமளித்தது. 2020 ஜூனில் டனோனின் பங்குதாரர்கள் 99 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளால் அதனை ஏற்றனர். கம்பனியின் கடமை இலாபம் ஈட்டுதலே என்று கற்பித்த மில்ரன் பிரீட்மனின் சிலை அன்று வீழ்த்தப்பட்டதாகப் பாபேர் மகிழ்ந்தார்.

சிலை வீழ்ந்து ஒன்பது மாதங்கள் நிறைவதற்குள் வீழ்ந்தவர் பாபேரே. டனோனின் பங்கு விலை போட்டிக் கம்பனிகளுடையதைவிடப் பின்தங்கியது. முதலீட்டு நிதியங்கள் சில பணிப்பாளர் சபையை நெருக்கின. 2021 மார்ச்சில் சபை அவரை நீக்கியது. யாப்பில் எழுதிய நோக்கு அப்படியே இருந்தது. அதற்காக நின்றவரைக் காக்கும் வலிமை மட்டும் அதற்கு இருக்கவில்லை.

இதனை ஒரு நல்ல மனிதரின் துயர நாடகமாகவே பலர் எழுதினர். அந்த நாடகத்தின் நடுவே நிகழ்ந்த ஒன்றை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். 2020 நவம்பரில், அதே பாபேரின் தலைமையில், 2000 வரையிலான தொழில்களைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தலைவரை அகற்ற நிதியங்களால் முடிந்தது. தம்மை அகற்றும் திட்டத்தை நிறுத்த, ஆளுக்கொரு பங்கு பெற்ற ஊழியரால் முடிந்ததா? பங்குச் சந்தையில் வாக்கு என்பது பங்கின் எண்ணிக்கை. ஆளுக்கொரு பங்கு என்பது கடலில் ஆளுக்கொரு கையளவு நீர்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். தலைவரின் நல்லெண்ணத்தால் எப்பயனும் விளைவதில்லையா? விளையலாம். வங்காளதேசத்தில் 2006இல் கிராமீன் அமைப்புடன் கூடி டனோன் தொடங்கிய சத்தூட்டிய யோகட் முயற்சியை நாம் இகழவில்லை. ஆயினும் அது கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்பது. விருப்பம் மாறினால் கேட்பாரில்லை.

இனி வேறொரு பாற்கதையை நோக்குவோம். 1940களில் குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள் கறந்த பாலைப் பொல்சன் என்ற தனியார் நிறுவனமே கொள்முதல் செய்து பம்பாய் நகருக்கு அனுப்பிற்று. விலையை அந்நிறுவனமும் இடைத்தரகருமே வகுத்தனர். வல்லபாய் பட்டேலிடம் முறையிடச் சென்ற விவசாயிகள் பெற்ற அறிவுரை, சொந்தக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்பது. 1946இல் பதினைந்து நாட்கள் பால் கொடுக்க மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவுபெற்றது. அதன் தொடக்கம் இரண்டு கிராமச் சங்கங்களும் நாளொன்றுக்கு 247 லீற்றர் பாலுமே. உலகம் அறிந்த அமுல் இதிலிருந்தே வளர்ந்தது.

ஒன்றியத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல், ஊர் ஊராக நடந்து சங்கம் சேர்த்த காந்தியவாதி. அரச பாற்பண்ணை ஒன்றில் பணிபுரிய 1949இல் ஆனந்த் நகருக்கு வந்த இளம் பொறியியலாளர் வேர்கீஸ் குரியனை அவரே ஒன்றியத்தின் பணிக்கு ஈர்த்தார். சென்னை லொயலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற குரியன், தம்மை என்றும் விவசாயிகளின் ஊழியர் என்றே கூறிக்கொண்டார். அது தன்னடக்கம் அன்று. அவரது பதவியின் சரியான வருணனை. எருமைப் பாலைப் பால்மாவாக்குதல் இயலாதென மேனாட்டு நிபுணர் கூறியபோது, அவரது சகாவான தலாயா அதனைச் செய்து காட்டினார். 1955இல் அதற்கான தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

ஆனால் அமுலின் அடித்தளத்தைக் காண வேண்டின் கிராமச் சங்கத்தின் வாயிலுக்கே செல்ல வேண்டும். காலையும் மாலையும் பால் அளக்கப்படுகின்றது, கொழுப்பு சோதிக்கப்படுகின்றது, அதற்கேற்பப் பணம் வழங்கப்படுகின்றது. ஓரெருமை வைத்திருப்பவருக்கும் பத்தெருமை வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றே. கிராமச் சங்கத்தின் தலைவர்களிலிருந்து மாவட்ட ஒன்றியத்தின் சபையும், ஒன்றியங்களின் தலைவர்களிலிருந்து 1973இல் அமைந்த மாநிலச் சம்மேளனத்தின் சபையும் உருவாகின்றன. நோக்கினைத் தனியே எழுதி மாட்டிவைக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை. பாலுக்கு நியாய விலை கிடைக்காவிடின் மறுநாட் காலையிலேயே அது தெரிந்துவிடும்.

இவ்வமைப்பைப் புனிதமாக்க நாம் முனையவில்லை. கேடாவின் சங்கங்களில் நிலமுடைய பட்டிதார் சாதியினரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. மாட்டைப் பேணிய பெண்களின் உழைப்புக்கு உறுப்புரிமைப் பட்டியலில் ஆண்களின் பெயரே நின்றது. குரியனும் பிறர் சொற்கேட்கும் இயல்பினர் அல்லர். 2006இல் மாவட்ட ஒன்றியங்களின் தலைவர்கள் தமக்கெதிராகத் திரும்பிய நிலையில் அவர் சம்மேளனத் தலைமையைத் துறந்தார். பாபேரும் வெளியேற்றப்பட்டார், குரியனும் வெளியேற்றப்பட்டார். வேறுபாடு என்னவெனக் கேட்கலாம். முன்னவரை வெளியேற்றியோர் யோகட்டுக்கு ஒரு துளிப் பாலும் தராதோர். பின்னவரை வெளியேற்றியோர், அவர்களது அரசியல் எதுவாயினும், பால் தருவோரின் சங்கங்கள் வழியே வந்தவர்கள். குரியன் சென்ற மறுநாளும் கிராமச் சங்கத்தில் பால் அளக்கப்பட்டது.

நமது நாட்டிலோ 'நோக்கு' என்ற சொல் சங்கத்தின் பெயரிலேயே உண்டு. பிலிப் குணவர்த்தன விவசாய, உணவு அமைச்சராயிருந்த காலத்தில், 1957இல் தொடங்கப்பட்டவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். கடனும் விதையும் சந்தையும் ஒரே கூரையின் கீழ் அமைதல் வேண்டும் என்ற எண்ணம் சிறந்ததே. 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் இணைக்கப்பட்டுப் பெருஞ் சங்கங்களாயின. பணிப்பாளர் சபைகளில் நியமனம் பெற்றோரின் கை ஓங்கிற்று. பங்கீட்டுப் புத்தகத்துடன் வரிசையில் நின்ற நம் பெற்றோருக்கு அது அரசாங்கத்தின் கடை. தம் சங்கமாக அதை அவர்கள் கருதவில்லை. நோக்குகள் பலவாயின, உறுப்பினர் இல்லாராயினர். கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதற்கு இதனினும் அருகில் ஒரு சான்று வேண்டியதில்லை.

நம் அடுக்களைகளில் நெடுங்காலம் நின்ற அங்கர் பால்மாப் பொதி நியூசிலாந்து விவசாயிகளின் கூட்டுறவாகிய பொன்ரேராவினுடையது என்பதை நம்மிற் பலர் அறியார். 2025இல் அவ்வர்த்தகக் குறியைப் பிரான்சிய லக்ரலிஸ் கம்பனிக்கு விற்பதற்கு அவ்விவசாயிகள் வாக்களித்து இசைந்தனர். முடிவு நமக்குப் பிடிக்காதிருக்கலாம். பாலுக்குரியோர் முடிவு செய்தனர்.

தேயிலைக்கு உரியோர் இங்கு எதையேனும் முடிவு செய்கின்றனரா? 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையான தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் பங்குகளில் ஒரு சிறு பகுதி தொழிலாளருக்கும் வழங்கப்பட்டது. ஆளுக்கொரு கையளவு நீர். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கான கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலமே நிறைவேறியது. அதனை எதிர்த்துப் பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. தேயிலைப் பெட்டிகளின் மீது இயற்கையையும் சமூகத்தையும் பேணுதல் பற்றிய வாசகங்கள் அன்றும் அச்சாகிக்கொண்டிருந்தன.

நம்மிற் சிலர் நாளை இத்தகைய கம்பனிகளிலேயே பணியாற்றச் செல்வர். அதற்காக எவரையும் குறைகூற மாட்டோம். பட்டம் பெற்றும் தொழிலின்றி வீட்டிலிருப்பதன் துன்பம் நாமறிந்ததே. ஆயினும் நோக்குடைய தலைமைத்துவம் பற்றி உரையாற்ற அடுத்து எவர் நம் மண்டபத்துக்கு வந்தாலும், உரை முடிந்து கேள்விக்கு நேரம் தரப்படும்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடி வாக்களித்தால் உங்கள் பதவி போகுமா?" என்று கேட்டல் வேண்டும். அவர் அளிக்கும் விடையை இச்சஞ்சிகையின் அடுத்த இதழில் வெளியிடுவோம்.