விடுமுறையில் ஒரு நாள் பழவேற்காட்டுக்கு

தலைநகர்த் தமிழர்களின் ஊர்ப் பயணத்துக்கு எழுதப்படாத கால அட்டவணை ஒன்று உண்டு. இரண்டு நாள் தி.நகரில் துணிமணி, ஒரு நாள் திருப்பதி, நடுவில் ஒரு கல்யாணம் அல்லது காதுகுத்து, மீதி நாட்கள் உறவினர் வீடுகளில் காபி. பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தால் ஒரு மாலை மெரினா. வசதி உள்ளவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறார்கள். இந்த அட்டவணையில் ஒரு நாளைப் பழவேற்காட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் கூடூரைத் தாண்டி, சூளூர்பேட்டை, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வழியாகத்தான் சென்னையை அடைகின்றன. அந்த நேரத்தில் நாம் படுக்கையைச் சுருட்டிவிட்டுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்போம். நமக்கு இடது பக்கம், கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள உப்புநீர் ஏரி ஒன்று கிடக்கிறது. இந்தியாவில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய காயல் இதுதான். இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா, இந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நிற்கும் தீவுதான்.

போவதில் சிரமம் இல்லை. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கமும் அதை ஒட்டிய கடற்கரையும். முன்னால் கடல் இரைந்துகொண்டிருக்கும். பின்னால் ஏரி, தட்டில் ஊற்றிய தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். நடுவே ஒரு மணல் திட்டில் நாம். சுண்டல்காரரும் பலூன்காரரும் குதிரை சவாரியும் இல்லாத கடற்கரையை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? மே மாத வெயிலில் போவதைவிடப் பொங்கல் சமயத்தில் போவது உத்தமம். வலசை வரும் பூநாரைகளையும் பார்க்கலாம்.

ஊருக்குள்ளும் பார்க்க நிறைய உண்டு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. சென்னையில் ஆங்கிலேயர் கோட்டைக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே இங்கிருந்து துணி மூட்டைகள் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கப்பலேறின. கோட்டை அழிந்துவிட்டது, வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. செம்புறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், பழைய பள்ளிவாசலும், பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகளும் உண்டு.

ஆனால் நான் இவ்வளவு சொல்வது சரித்திரத்துக்காக மட்டும் அல்ல. இந்த ஏரியின் உயிர் ஒரு சிறு வாசலில் இருக்கிறது. அதுதான் முகத்துவாரம். ரயில் பாதைக்கு மண்கரை போடும்போது தண்ணீர் போக ஒரு சிறு பாலம் விடுவோம். பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். அது அடைபட்டால் அடுத்த மழையில் கரையே போய்விடும். இங்கும் அதே கதைதான். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல் சேர்ந்து வாசல் அடைத்துக்கொண்டால் வரவு நின்றுவிடும். கோடையில் ஏரி வற்றும், உப்பு ஏறும், வலையில் ஒன்றும் விழாது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற முறைப்படித் தமக்குள் பங்கிட்டுத் தலைமுறைகளாக ஒழுங்கு காத்த மீனவர்கள், பங்கிட மீனே இல்லாமல் நிற்பார்கள்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் அது வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அதற்கும் வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகங்கள் வந்துவிட்டன. காட்டுப்பள்ளியைப் பெரிதாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. துறைமுகமே வேண்டாம் என்று பொறியியல் படித்த நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓரிடத்தில் கட்டும் சுவருக்கு வேறோர் இடம் விலை கொடுக்கிறது என்பதை மெரினாவில் நின்று காற்று வாங்குகிறவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

"நீங்கள் எழுதி, எல்லோரும் போய், அந்த அமைதியும் கெடப்போகிறது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் யாரும் அறியாத கரைக்காகப் பரிந்து பேசவும் யாரும் இருக்கமாட்டார்கள். குளிக்கவும் கூச்சலிடவும் போகிற கூட்டம் வேறு, விருந்தாளியாகப் போகிறவர்கள் வேறு. உள்ளூர்க்காரர் கடையில் சாப்பிடுங்கள். சைவர்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். முக்கியமாக, அனுமதியும் மிதவை அங்கியும் இல்லாத படகில் யார் அழைத்தாலும் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அரசு செய்ய வேண்டியதும் பெரிய ஹோட்டல்கள் அல்ல: சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், மீனவர்களே பாதுகாப்போடு நடத்தும் சில படகுகள். இவை போதும்.

நம் பிள்ளைகள் டில்லியில் யமுனையைப் பார்த்து வளர்கிறார்கள். காளிந்தி குஞ்சில் வெள்ளை நுரை மிதப்பதைப் பார்த்து, நதி என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆறும் கடலும் கலந்து, அந்தக் கலப்பில் ஓர் ஊரே சோறு உண்பதையும் அவர்கள் ஒரு முறை பார்க்கட்டும். வீட்டில் தமிழ் பேச வைக்கப் படாத பாடு படும் நாம், அந்தத் தமிழ் பேசப்படும் மண்ணையும் தண்ணீரையும் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்கு நாள் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. தி.நகரில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டால் போதும்.